ஆய்வேட்டு வடிவம்: பொருளடக்கம் கலைகிறது, பெயர்கள் தகராறு செய்கின்றன

குவாத்ரபோர்ன்_மாணவி
திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பி.ஏ. தமிழ், கடைசி ஆண்டு. 12,000 சொல்லில் ஆய்வேடு. தலைப்பு: மொரீசியஸ் தமிழர் குடும்பப் பெயர்களில் எழுத்து மாற்றம். இன்னும் 19 நாளில் கொடுக்க வேண்டும். செய்தி எல்லாம் சேர்த்தாகிவிட்டது. 64 பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. எழுதவும் எழுதிவிட்டேன். வடிவம்தான் உயிரை வாங்குகிறது.

துறையில் கொடுத்த தாள் ஒரே ஒரு பக்கம். ‘ஏபிஏ முறை, எழுத்து 12, ஒன்றரை வரி இடைவெளி’ என்று இருக்கிறது. ஏபிஏ என்பது மேற்கோளும் துணைநூற்பட்டியலும் போடும் ஒரு முறை. ஒரு தமிழ் எடுத்துக்காட்டுகூடக் கிடையாது. நான் முழுவதையும் தேர்ந்தெடுத்து 12 போட்டால் ஆங்கிலச் சொற்கள் மட்டும் 12 ஆகின்றன, தமிழ் 11லேயே உட்கார்ந்திருக்கிறது. பொருளடக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தட்டிப் பக்க எண் போட்டிருந்தேன். நேற்று இரண்டாம் இயலில் ஒரு பத்தி சேர்த்தேன், அதற்குப் பிறகுள்ள எண் எல்லாம் பொய்யாகிவிட்டது. துணைநூற்பட்டியலைப் பற்றிப் பேசவே வேண்டாம். யார் பெயரில் எது முதலில் வரவேண்டும் என்றே புரியவில்லை.

வீட்டில் கேட்க ஆளில்லை. அம்மா கிரியோலில் ‘போதும், படு’ என்கிறார்.

ரோஸ்ஹில்_கதிர்
திங்கள், இரவு 9.58

தங்கச்சி, முதலில் அந்தப் புள்ளிகளை எல்லாம் அழித்துவிடு. கையால் பொருளடக்கம் போடுவது 80களின் தட்டச்சுப் பழக்கம்.

வேர்டில் மேலே ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ என்று பாணிகள் இருக்கும். இயல் தலைப்பு ஒவ்வொன்றிலும் கர்சரை வைத்து ஹெடிங் 1, உட்தலைப்புக்கு ஹெடிங் 2. தடிமனாக்கிப் பெரிதாக்குவது தலைப்பு ஆகாது. வேர்டுக்கு அது வெறும் கொழுத்த எழுத்து. பாணி கொடுத்த பிறகு ‘ரெஃபரன்சஸ்’ தாவலில் பொருளடக்கத்தைச் செருகு. பத்தி சேர்த்தால், அதன் மேல் சொடுக்கி எஃப்9. எண்கள் தாமாகத் திருந்திக்கொள்ளும்.

எழுத்து அளவு விஷயம்: தமிழை வேர்டு ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்று தனிக் குடித்தனம் வைத்திருக்கிறது. கன்ட்ரோல்-டி அழுத்தினால் வரும் பெட்டியில் அதற்குத் தனி எழுத்துரு, தனி அளவு. அந்தப் பகுதி கண்ணில் படவில்லை என்றால் ஆஃபீஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டுத் திறந்து பார். மாற்றத்தை ‘நார்மல்’ பாணியிலேயே செய்துவிடு, ஒவ்வொரு பத்தியாக ஓடாதே.

வரி இடைவெளியில் ‘எக்ஸாக்ட்லி’யைத் தொடவே தொடாதே. ‘கீ’, ‘மீ’ எல்லாம் மேல்சுழி வெட்டுப்பட்டு மொட்டையாக நிற்கும்.

குவாத்ரபோர்ன்_மாணவி
திங்கள், இரவு 10.31

அண்ணா, அளவு சரியாகிவிட்டது! மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டினேன்.

ஆனால் ஒரு குண்டு. 64 அட்டையில் 14ஐ மாமா வீட்டுக் கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறேன். எழுத்துருவை லதாவுக்கு மாற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது.

ரோஸ்ஹில்_கதிர்
திங்கள், இரவு 10.36

கொட்டத்தான் செய்யும். பாமினியில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவே. யூனிகோடு மாற்றி ஒன்றில் ஒட்டி மாற்று. மாற்றிய பிறகு ஒவ்வொரு அட்டையையும் கண்ணால் படி. கிரந்த எழுத்தும் மேற்கோள் குறியும் அங்கேதான் காலை வாரும். உன் ஆய்வே எழுத்து மாற்றம் பற்றியது. மாற்று மென்பொருள் செய்த பிழையை 1860களில் பெயரைப் பதிந்த எழுத்தர் தலையில் கட்டிவிடப் போகிறாய்.

கியூர்பிப்_ஓய்வாசிரியர்
செவ்வாய், காலை 6.15

அம்மா, பொத்தான் விஷயம் கதிர் பார்த்துக்கொள்வார். நீ உன் பொருளடக்கத்தை மட்டும் இங்கே எழுது. பக்க எண்ணோடு.

குவாத்ரபோர்ன்_மாணவி
செவ்வாய், காலை 7.02

வணக்கம் ஐயா. இதோ:

முன்னுரை 1
இயல் 1: மொரீசியஸ் வரலாறு 4
இயல் 2: தமிழர் வருகை 13
இயல் 3: தமிழர் பண்பாடும் கோவில்களும் 22
இயல் 4: பெயர்களும் எழுத்து மாற்றமும் 31
முடிவுரை 42

கியூர்பிப்_ஓய்வாசிரியர்
செவ்வாய், காலை 8.20

நினைத்தேன். கல்யாண வீட்டில் பந்தி போடுவதற்கு முன்பு மூன்று மணி நேரம் நாதஸ்வரம். உன் ஆய்வு 31ஆம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. முதல் 30 பக்கமும் நூலகத்தில் யாரும் எடுத்துப் படித்துக்கொள்ளக்கூடியது.

வரலாறே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த வரலாறு என்பதுதான் கேள்வி. லா பூர்தொனே 1735இல் ஆளுநராக வந்ததும், புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்ததும் உனக்கு ஏன் தேவை? அவர்கள் பெயரை எழுதியது பிரெஞ்சுக் கை என்பதற்காக. 1810இல் பிரிட்டிஷார் தீவைப் பிடித்ததும், 1834 முதல் ஒப்பந்தத் தொழிலாளர் வந்ததும் ஏன் தேவை? இப்போது பதிவேடு ஆங்கில ஆட்சியின் பதிவேடு, ஆனால் தீவில் பிரெஞ்சு மொழி எங்கும் போகவில்லை என்பதற்காக. ஒரே ‘முத்து’. உகரத்துக்கு ஆங்கிலக் காது இரண்டு ‘ஓ’ போடும், பிரெஞ்சுக் கை ‘ஓ’வும் ‘யூ’வும் சேர்த்துப் போடும். இன்று இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வேறு வேறு பெயரோடு இருக்கின்றன. உன் வரலாறு இந்த ஒரு முத்துவை விளக்க வேண்டும். மூன்று பக்கம் போதும்.

கோவில் இயலை எடுத்துவிடு. கைலாசன் கோவில் பற்றி நீ எழுதிய பக்கங்கள் நன்றாகவே இருக்கும், சந்தேகமில்லை. வேறு எங்காவது பயன்படும்.

இயல்களை இப்படி யோசித்துப் பார்: முன்னுரையிலேயே கேள்வி. எந்தப் பெயர்களை எடுத்தாய், எங்கிருந்து, எவற்றை விட்டாய் என்பது அடுத்து. முன்னாய்வுகளை ‘இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்’ என்று வரிசை கட்டாதே. மாற்றத்துக்கு எழுத்தர் காரணம் என்பவர்கள் ஒரு பக்கம், குடும்பமே மாற்றிக்கொண்டது என்பவர்கள் இன்னொரு பக்கம் எனக் கூட்டு. அதற்குப் பின் உன் அட்டைகள்: உயிரொலி மாற்றம் ஒரு இயல், மெய்யொலியும் ஈறும் ஒரு இயல். என்ன கண்டாய் என்பதையும் ஏன் அப்படி ஆனது என்பதையும் ஒரே வாக்கியத்தில் குழைக்காதே. ‘பெயர் இப்படி மாறியிருக்கிறது’ என்பது அட்டையில் தெரியும். ‘எழுத்தர் மாற்றினார்’ என்பதற்குச் சான்று வேண்டும்.

64 பெயரையும் உள்ளே கொட்டாதே. பத்தை எடுத்து அலசு. முழு அட்டவணை பின்னிணைப்புக்குப் போகட்டும்.

ஆய்வுச் சுருக்கத்தைக் கடைசியில் எழுது. கேள்வி, தரவு, வழி, கண்டது, எல்லாம் 250 சொல்லுக்குள். ‘இவ்வாய்வில் விளக்கப்படுகிறது’ என்று முடியும் சுருக்கம் சுருக்கமே இல்லை. என்ன விளக்கினாய் என்பதையே அங்கே சொல்லிவிடு.

குவாத்ரபோர்ன்_மாணவி
செவ்வாய், காலை 8.44

ஐயா, கோவில் இயலுக்குத்தான் நெறியாளர் ‘அருமை’ என்று எழுதியிருந்தார்.

கியூர்பிப்_ஓய்வாசிரியர்
செவ்வாய், காலை 8.51

அருமையாக இருப்பது வேறு, அங்கே இருக்க வேண்டியது வேறு. அவரிடமே கேள்.

டர்பன்_சரசு
செவ்வாய், மதியம் 1.10

தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு அக்கா. நான் எம்.ஏ.வுக்கு, இங்கே நேட்டாலுக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் வந்த கப்பல்களின் பட்டியல்களை வைத்து எழுதினேன். ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 1860 நவம்பர் 16 அன்று வந்து சேர்ந்ததில் தொடங்கி 1911 வரை 152,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு.

என் முதல் வரைவில் ‘பட்டியலில் உள்ள முனியம்மா’ என்று எழுதிவிட்டேன். தேர்வாளர் பென்சிலால் ஓரத்தில் ‘எந்த முனியம்மா?’ என்று கேட்டிருந்தார். போய்ப் பார்த்தால் ஒரே கப்பலில் மூன்று முனியம்மா. மூன்று பேருக்கும் ஊர் வேறு, வயது வேறு, எண் வேறு. இரண்டு மாத வேலையைத் திரும்பச் செய்தேன். உங்கள் ஊர்ப் பதிவேட்டிலும் குடியேற்ற எண் உண்டே, மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்து ஆவணங்களைப் பார்த்திருப்பாய். அட்டையில் எண்ணை எழுதி வைத்திருக்கிறாயா? மேற்கோள் என்பது அடுத்தவர் அதே பக்கத்தைத் திறக்க நீ கொடுக்கும் வழி. பெயர் மட்டும் கொடுத்தால் போய்ச் சேர மாட்டார்கள்.

ஆவணம் வைத்து எழுதுபவர்களுக்கு ஏபிஏவை விட சிகாகோ அடிக்குறிப்பு சுகம். அடைப்புக்குறிக்குள் தொகுதி, கோப்பு, எண் எல்லாம் அடைத்தால் வாக்கியம் மூச்சுத் திணறும். முதல் முறை முழு விவரம், அடுத்து சுருக்கம். முன் குறிப்பில் உள்ள அதே நூல் என்பதற்கு ‘மேலது’ ‘மேலது’ என்று அடுக்காதே. 2017இல் வந்த 17ஆம் பதிப்பிலேயே அதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். நடுவில் ஒரு குறிப்பைச் செருகினால் எல்லா ‘மேலது’வும் வேறு ஆளைச் சுட்டும்.

ரோஸ்ஹில்_கதிர்
செவ்வாய், மதியம் 1.32

அக்கா, துறைத் தாளில் ஏபிஏ என்று இருக்கிறது. 18 நாளில் முறையை மாற்றச் சொல்லி அவளைக் குழப்ப வேண்டாம். ஏபிஏவிலும் ஆவணத்துக்கு இடம் உண்டு: ஆசிரியர் அல்லது அலுவலகம், ஆண்டு, ஆவணத் தலைப்பு, தொகுதி, கோப்பு எண், காப்பகம், ஊர்.

மாணவி, வலையில் 6ஆம் பதிப்பின் மாதிரிகள் இன்னும் சுற்றுகின்றன, ஏமாறாதே. 2019இல் வந்த 7ஆம் பதிப்பில் பதிப்பகத்தின் ஊர்ப் பெயர் கிடையாது. மூன்று பேர் சேர்ந்து எழுதியிருந்தால் உள்ளே முதல் முறையிலேயே முதல் பெயரும் ‘பிறரும்’தான். தமிழ் நூல் தலைப்பை உரோமன் எழுத்தில் கொடுத்துச் சதுர அடைப்பில் ஆங்கிலப் பொருள் தரச் சொல்லும். அது ஆங்கிலக் கட்டுரைக்கு. உன் ஆய்வேடே தமிழ் என்பதால் தமிழ் நூலுக்கு அது தேவைப்படாது. நெறியாளரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்.

டர்பன்_சரசு
செவ்வாய், மதியம் 1.40

சரி, தாள் சொல்வதுதான் சட்டம். எண்ணை மட்டும் விட்டுவிடாதே.

மதுரைக்காரன்_போர்ட்லூயி
செவ்வாய், மாலை 6.25

இங்கே வேலைக்கு வந்து நான்கு ஆண்டு. எம்எல்ஏ என்றும் ஒரு மேற்கோள் முறை உண்டே, ‘எம்எல்ஏ முறை’ என்று இந்த இழையில் யாராவது சொன்னால் எந்தத் தொகுதி என்று கேட்கலாம் எனக் காத்திருந்தேன், யாரும் சொல்லவில்லை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ‘மு. கதிரேசன்’ என்றால் மு என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. குடும்பப் பெயர் இல்லை. ‘கதிரேசன், மு.’ என்று புரட்டிப் போடுவது எனக்குச் சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கிறது. எங்கள் ஊர் ஆய்வேடுகளில் பாதி ‘கதிரேசன், மு.’, பாதி ‘மு. கதிரேசன்’. அகர வரிசைக்குக் கதிரேசனைத்தான் எடுக்க வேண்டும், அதில் சண்டை இல்லை.

குவாத்ரபோர்ன்_மாணவி
செவ்வாய், மாலை 6.50

அண்ணா, எனக்குச் சிக்கல் அதில்லை. தமிழ்நாட்டு ஆசிரியருக்குச் சொந்தப் பெயர் முதலில். மொரீசியஸ்காரருக்குக் குடும்பப் பெயர் முதலில், அதுதான் எங்கள் அடையாள அட்டையில் இருக்கிறது. ஒரே பட்டியலில் இரண்டு வழக்கம். அது மட்டுமா, ஒரு ஆசிரியரின் குடும்பப் பெயர் பிரெஞ்சு எழுத்தில் ‘சின்னதாம்பூ’ என்று ஒலிக்கிறது. நான் தமிழில் ‘சின்னத்தம்பி’ என்று திருத்தட்டுமா, ‘சின்னதாம்பூ’ என்றே எழுதட்டுமா?

கியூர்பிப்_ஓய்வாசிரியர்
செவ்வாய், மாலை 7.30

திருத்தாதே! நூலின் அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படி. அவர் தன் பெயரைத் தமிழில் ஒரு முறை அச்சிட்டிருந்தால் அந்த எழுத்து. இல்லையென்றால் ஒலிப்பு, பக்கத்தில் உரோமன் எழுத்தும் வேண்டும். பட்டியலில் இருக்கும் ‘சின்னதாம்பூ’வை ‘சின்னத்தம்பி’ ஆக்கிவிட்டால் நூலகத்தில் அந்தப் புத்தகம் யாருக்கும் கிடைக்காது. உன் ஆய்வுப் பொருளையே நீ அழித்த மாதிரியும் ஆகும். சின்னத்தம்பி ஆய்வுப் பகுதியில் வரட்டும், சின்னதாம்பூ பட்டியலில் இருக்கட்டும்.

இரண்டு வழக்கம் ஒரே பட்டியலில் இருப்பது குற்றமில்லை. பட்டியலுக்கு மேலே இரண்டு வரியில் சொல்லிவிட்டால் தேர்வாளர் கேட்க மாட்டார்.

ரோஸ்ஹில்_கதிர்
செவ்வாய், மாலை 7.48

துணைநூற்பட்டியல் போடும் ஸோடெரோ மென்பொருளை வைத்திருந்தால் பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் இரண்டு கட்டம் ஒன்றாகும். குடும்பப் பெயர் இல்லாதவரை அதில் முழுப் பெயராக இடு.

இன்னொன்று, அகர வரிசையை எந்த மென்பொருள் போட்டாலும் கண்ணால் ஒரு முறை பார். யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வை அடுத்து வருகிறது, ழ-வுக்கு முன்பே ள வந்துவிடுகிறது. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரலில் ‘மனோகரன்’ ‘மயில்வாகன’த்துக்கு முன்னால் ஏறி உட்காருவார், ‘வளவன்’ ‘வழுதி’யை முந்துவார். நம் நெடுங்கணக்கில் ன கடைசி. தமிழ்த்துறைத் தேர்வாளர் கண்ணில் முதலில் படுவது இதுதான்.

மதுரைக்காரன்_போர்ட்லூயி
செவ்வாய், மாலை 8.05

வரிசையில் என்ன இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள்?

கியூர்பிப்_ஓய்வாசிரியர்
செவ்வாய், மாலை 8.12

தம்பி, 1998இல் புது ரூபாய் நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தி வந்துவிட்டது என்று போராடி நோட்டையே திரும்பப் பெறவைத்த ஊர் இது. இங்கே வந்து வரிசையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களே.

மதுரைக்காரன்_போர்ட்லூயி
செவ்வாய், மாலை 8.14

ஐயா, வாபஸ்.

செந்தெனி_ரவி
புதன், காலை 11.20

ரீயூனியனிலிருந்து. புதுச்சேரிக்காரன், இங்கே பிரெஞ்சில் படிக்கிறேன். எங்களுக்கு முன்னால் அரைப் பக்கச் சுருக்கப் பொருளடக்கம், முழு விவரப் பொருளடக்கம் புத்தகத்தின் கடைசியில். முன்னுரை முடியும்போது ‘முதல் பகுதியில் இது, இரண்டாம் பகுதியில் இது’ என்று திட்டத்தை அறிவித்தே ஆக வேண்டும். உங்கள் ஊரில் ஆங்கில வழி என்பதால் எல்லாம் முன்னாலேயே.

ஒரு எச்சரிக்கை. வேர்டின் மொழி பிரெஞ்சாக இருந்தால் மேற்கோள் குறி இரட்டைக் கோண அம்பாக மாறும், முக்காற்புள்ளிக்கு முன்னால் தானாக ஒரு இடம் விழும். மொரீசியஸ் கணினிகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பாதி ஆய்வேடு ஒரு குறி, பாதி இன்னொரு குறி என்று இருந்தால் இரண்டு பேர் எழுதிய மாதிரி தெரியும்.

குவாத்ரபோர்ன்_மாணவி
புதன், மாலை 4.05

ரவி அண்ணா, 11 இடத்தில் அம்பு! நன்றி.

இன்னொரு கேள்வி, சிரிக்கக் கூடாது. கோவில் இயலை எடுத்துப் பெயர் இயலை இரண்டாக்கியதில் இப்போது 12,600 சொல். ‘வந்து கொண்டு இருந்தார்கள்’ என்பதை ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்று சேர்த்தால் மூன்று சொல் ஒன்றாகிறது. அப்படியே எல்லாவற்றையும் சேர்த்துவிடலாமா?

டர்பன்_சரசு
புதன், மாலை 4.30

சிரித்துவிட்டேன். சேர்த்து எழுத வேண்டிய துணைவினையைச் சேர்ப்பது நல்ல தமிழே, செய். ஆனால் ‘என்றுகூறியிருப்பதைக்காணமுடிகிறது’ வரைக்கும் போகாதே. நம் மொழியில் சொல் எண்ணிக்கை எப்போதுமே கொஞ்சம் வழுக்கும். ஏபிஏவில் 40 சொல்லோ அதற்கு மேலோ உள்ள மேற்கோளைத் தனிப் பத்தியாக உள்தள்ளச் சொல்கிறார்கள். தமிழில் 40 சொல் வருவதற்குள் பல வரி ஆகிவிடுகிறது. நான் நான்கு வரி தாண்டினாலே தள்ளினேன், நெறியாளர் ஒப்புக்கொண்டார்.

600 சொல்லைக் குறைக்க வேறு வழி உண்டு. ஒவ்வொரு இயலின் தொடக்கத்திலும் ‘இவ்வியலில் நாம் காணவிருப்பது’ என்று ஒரு பத்தி இருக்கும். வெட்டு. கடைசியில் ‘இதுவரை கண்டது’ இருக்கும். அதையும் வெட்டு.

அப்புறம், குடும்பங்களிடம் நேரில் கேட்டாயா? அந்தப் பேட்டிகள் ஏபிஏவில் பட்டியலுக்கு வராது, ஆய்வில் பங்கெடுத்தவர் சொன்னது என்று உள்ளேயே தெரிந்தால் போதும். ஒப்புதல் வாங்காதவர்கள் பெயரைப் போடாதே. ஒரு பாட்டி தன் பேரனுக்கே சொல்லாததை உன்னிடம் சொல்லியிருப்பார்.

குவாத்ரபோர்ன்_மாணவி
புதன், மாலை 4.52

சொல்லியிருக்கிறார், அக்கா. அந்த அட்டையை எடுத்துவிடுகிறேன். 63.

குவாத்ரபோர்ன்_மாணவி
ஞாயிறு, இரவு 8.15

நான்கு நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். வெள்ளிக்கிழமை புயல் எச்சரிக்கை மூன்று, எல்லோரும் வீட்டுக்குள். மதியம் மின்சாரம் போனது, மடிக்கணினியில் 20 விழுக்காடு. இரவு மெழுகுவத்தி வைத்து அட்டைகளைத் தரையில் பரப்பி அடுக்கினேன். உகரம் ஒரு வரிசை, ஈறு ஒரு வரிசை. அப்போதுதான் கண்ணில் பட்டது: ‘அன்’ என்று முடிந்த பெயர்களில் பெரும்பாலும் ‘என்’ ஆகியிருக்கிறது, ஆனால் என்னிடம் உள்ள அட்டைகளில் நான்கு மட்டும் ஆகவில்லை. நான்கும் ஒரே தோட்டத்து முகவரி. கணினியில் எழுதும்போது இது எனக்குத் தெரியவே இல்லை.

நெறியாளருக்குப் புது அமைப்பை அனுப்பினேன். கோவில் இயல் போனதற்கு ஒரு பெருமூச்சு, பிறகு சரி என்றார்.

பக்க எண் மட்டும் பாக்கி. முன்பகுதிக்கு ரோமன் எண், முன்னுரையிலிருந்து 1. போட்டால் எல்லாமே ரோமனாகிறது.

ரோஸ்ஹில்_கதிர்
ஞாயிறு, இரவு 8.22

முன்னுரைக்கு முன் வெறும் பக்க முறிவு போட்டிருப்பாய். அதை எடுத்துவிட்டு ‘செக்‌ஷன் பிரேக், நெக்ஸ்ட் பேஜ்’ போடு. அப்புறம் முன்னுரைப் பக்கத்தின் அடிப்பகுதியில் இரட்டைச் சொடுக்கு, மேலே ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ எரிந்துகொண்டிருக்கும், அணை. அதை அணைக்காமல் எண்ணை மாற்றினால் முன்பகுதியும் கூடவே மாறும். பிறகு எண் வடிவத்தில் ‘ஸ்டார்ட் அட் 1’. அட்டைப் பக்கத்தில் எண் தெரியக் கூடாது.

அச்சுக் கடைக்கு வேர்டு கோப்பைக் கொண்டுபோகாதே, பிடிஎஃப். கடைக்காரரிடம் உன் எழுத்துரு இருக்காது.

அந்த நான்கு பெயர் விஷயம் ஆய்வுச் சுருக்கத்தில் வர வேண்டும்.

கியூர்பிப்_ஓய்வாசிரியர்
ஞாயிறு, இரவு 8.40

சுருக்கத்தில் மட்டுமில்லை, முன்னுரையின் கேள்வியையே அதற்கு ஏற்றபடி திருத்து. நான்கு பெயரை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்லிவிடாதே. ‘ஒரே எழுத்தராக இருக்கலாம்’ என்ற அளவில் நிறுத்து. அந்தத் தோட்டத்தின் மற்ற பெயர்களைப் பதிவேட்டில் பார்க்க ஒரு நாள் மோக்காவுக்குப் போய் வர முடியுமா?

குவாத்ரபோர்ன்_மாணவி
ஞாயிறு, இரவு 8.47

செவ்வாய்க்கிழமை போகிறேன் ஐயா. குடியேற்ற எண்களோடு.

கடைசி ஒன்று: பின்னிணைப்பு மூன்று இருக்கிறது. 1, 2, 3 போட்டால் இயலோடு குழம்புகிறது.

டர்பன்_சரசு
ஞாயிறு, இரவு 8.50

அ, ஆ, இ.